போரான் ஒட்டாத இடம்

அணுக்கரு இணைவு உலையின் பிளாஸ்மா கலத்துக்குள் ஆள் நுழைய வேண்டுமென்றால் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உடல் மூடிய உடை, முகமூடி, இரட்டைக் கையுறை. வெறும் கை பட்ட இடத்தில் போரான் பூச்சு ஒட்டாது; ஒட்டாத சுவர் பிளாஸ்மாவைக் கெடுத்துவிடும். அன்று காலை, முதல் பூச்சைச் சரிபார்க்க விளக்கோடு உள்ளே போனவள் இந்தச் சுவர்களைத் துடைத்தே முட்டி தேய்ந்தவள்.

வாசலில் புதியவர் ஒருவர் காவல் நின்றார். முன்பெல்லாம் அங்கே அவள் தம்பி நிற்பான். மூடுமுன் இரண்டு தட்டுத் தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு. பதில் வந்தால் கதவை மூடவே கூடாது, அதுதான் சட்டம்.

"தூங்கிடாதக்கா, உள்ள வச்சு மூடிடுவேன்" என்று வம்புக்கு இழுப்பான்.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா வந்துட்டாளா?" கலத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. அவள் சுவர் துடைத்துக்கொண்டிருந்தாள். சேதி வந்து, ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இருட்டில் விளக்கொளி நகர்ந்தது. பூச்சு நீலமும் ஊதாவுமாக மின்னியது.

நடுவே, பூச்சே ஒட்டாமல், ஒரு கைத்தடம்.

மோதிர விரல் பாதிதான் இருந்தது.

சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய தம்பியின் விரல். அவள் விளக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"கையுறை இல்லாம தொட்டது யாரும்மா?" வாசலிலிருந்து எட்டிப் பார்த்த தலைமைப் பொறியாளர் கேட்டார்.

"தெரியல சார்."

"துடைச்சிடுங்க. மறுபடி பூசிடலாம்."

துடைத்தாள். முகமூடிக்குள் வழிந்த கண்ணீரைத்தான் துடைக்க முடியவில்லை.

"வந்துட்டேன்டா" என்று கிசுகிசுத்தாள். "லேட்டாதான் வந்தேன். கோச்சுக்காத. நீ கிளம்புடா."

அவள் வெளியே வந்ததும் புதியவர் அவசரமாகக் கதவை மூடித் திருகினார். தட்ட மறந்துபோனார். காற்றை உறிஞ்சினார்கள், மறுபடி பூசினார்கள். மாலையில் பார்வைக் கண்ணாடி வழியே பார்த்தால் சுவர் மாசு மருவில்லாமல் மின்னியது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

போய்விட்டான். நிம்மதி வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அவன் தட்டுவது போலவே இரும்புச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே காற்றுகூடக் கிடையாது.

உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

பதில் வந்தால் கதவை மூடக் கூடாது. கதவு காலையிலேயே மூடியாகிவிட்டது.