புறங்கை சாட்சி

போன் அடித்தது.

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. லேத் ஓடும்போது எமனே கூப்பிட்டாலும் தங்கை போனை எடுக்கமாட்டாள்.

அன்றைக்கு எடுத்தாள். விடாமல் அடித்தால் என்னதான் செய்வது?

"ஹலோ... யாரு?"

"போட்டோ ஸ்டூடியோக்காரன் பேசறேன்மா..." அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது. "மலைப்பாதையில இருக்கேன். கண் டாக்டர்... கண் டாக்டர் போயிட்டாரும்மா!"

"எங்க போயிட்டாரு?"

"செத்துப் போயிட்டாரும்மா! நான் பின்னாடியேதான் என் வண்டியில வந்துட்டு இருந்தேன். இறக்கத்துல 'பிரேக் பிடிக்கலை... பிரேக் பிடிக்கலை'ன்னு கத்தினாரு. வளைவுல திரும்பவே இல்லை. நேரா..."

நேராவுக்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அழுதார்.

தங்கை லேத்தை நிறுத்தினாள்.

பிரேக்!

டாக்டரின் பைக் அவரை விட வயதில் மூத்தது. அதில் புத்தம் புதுசாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். முன்சக்கரத்து பிரேக் டிரம். போன வாரம் இந்தப் பட்டறையிலிருந்துதான் போனது.

அண்ணன், தங்கை. பட்டறையில் மொத்தமே அவ்வளவுதான். கம்பெனிக்காரனே கைகழுவி விட்ட பழைய பைக்குகளுக்கு எடை குறைந்த பிரேக் பாகங்கள் செய்து கொடுப்பது தொழில். அந்தக் காலத்து இரும்பு டிரம்மைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவர்களுடைய அலுமினிய டிரம்மை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையில் டீ குடிக்கலாம். வார்ப்பு வேலையும் ஓவனும் அண்ணன் பொறுப்பு. லேத் தங்கையுடையது. அளவில் மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிடுவாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'மயிரிழை மேடம்'!

"அண்ணா!" என்று கத்தினாள். "டாக்டர் செத்துட்டாராம்! பிரேக் பிடிக்கலையாம்!"

ஓவன் பக்கமிருந்து அண்ணன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நம்ம டிரம்மா?" என்றான் மெதுவாக.

---

மூன்றாம் நாள் காலை ஜீப் வந்து நின்றது.

முதலில் இன்ஸ்பெக்டர் இறங்கினார். வார்த்தைகளை ரேஷனில் வாங்கியவர் போலப் பேசுகிற மனிதர். அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்ப்பதற்கு அவருடன் ஓர் ஏட்டு இருந்தார். ஏட்டின் கையில் ஒரு சாக்கு. கடைசியாக, கறுப்புக் கண்ணாடியும் கறுப்புக் கைப்பையுமாக டாக்டரின் மனைவி.

சாக்கிலிருந்து டிரம் வெளியே வந்து மேஜையில் உட்கார்ந்தது.

"ஏங்க, இவ்வளவுதானா கனம்?" ஏட்டு வியந்து போனார். "இதை விட என் பையனோட புஸ்தகப் பை கனமா இருக்கும் சார்!"

"ஏட்டு!"

"சரி சார்."

இன்ஸ்பெக்டர் டாக்டர் மனைவியைப் பார்த்தார். "இதுதானாம்மா?"

"இதுதான் சார். மெக்கானிக் வந்து மாட்டற வரைக்கும் எங்க வீட்டு கராஜ்லதான் கிடந்துச்சு." அவள் குரல் உடைந்தது. "இவங்க மேல எனக்குக் கோபம் இல்லை சார். வேணும்னேவா செய்வாங்க? ஏதோ கை தவறியிருக்கும். கேஸு கீஸுன்னு போனா அவர் திரும்பி வந்துடுவாரா?"

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு எத்தனை பெரிய மனசு!

"உங்களுக்குக் கோபம் இல்லாம இருக்கலாம். சட்டத்துக்கு உண்டு." இன்ஸ்பெக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அஜாக்கிரதையா வேலை செஞ்சு உயிர் போகக் காரணமானது. கொஞ்ச காலம் உள்ள இருக்கணும். பட்டறைக்கு சீல். என்ன சொல்றீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னுதுதான் சார். எங்க வேணா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அண்ணா!" தங்கை பாய்ந்தாள். "என்ன பேசற நீ? எந்தத் தப்பைப் பண்ணின? நீ செஞ்ச எந்த டிரம் இதுவரைக்கும் திரும்பி வந்திருக்கு?"

"விடு பாப்பா."

"எதை விடறது? நாளைக்கு உன்னைக் கொலைகாரன்னு ஊரே பேசும்! சார், எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. இந்த டிரம் ஏன் பிடிக்கலைன்னு நான் காட்டறேன்."

"எங்க இன்ஜினீயர் பாத்துட்டாரும்மா. எல்லாம் இறுக்கமா இருக்குன்னுட்டாரு."

"ஆறின டிரம்மைப் பாத்தா இறுக்கமாத்தான் சார் இருக்கும்! சூட்டுல பாத்தாரா?"

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

தங்கை டிரம்மின் உட்பக்கத்தைக் காட்டினாள். "வெளியில தெரியறது அலுமினியம். உள்ள கறுப்பா ஒரு வளையம் தெரியுதா? அது வார்ப்பிரும்பு. லைனர்னு சொல்லுவோம். பிரேக் கட்டை உரசறது இதுலதான். அலுமினியத்தை ஓவன்ல காய்ச்சினா விரியும். லைனரை ஃப்ரீசர்ல வெச்சா சுருங்கும். ரெண்டையும் சேர்த்துட்டா, ஆறினதும் கவ்விக்கும். ஒரு ஆணி கிடையாது, பசை கிடையாது. அந்தக் கவ்வல்தான் எல்லாம்!"

"அந்தக் கவ்வல் குறைஞ்சா?"

"ஆறியிருக்கிற வரைக்கும் தெரியவே தெரியாது. இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு சூடு ஏறினதும் அலுமினியம் விரியும். லைனர் தனியா நின்னுக்கும், சக்கரம் தனியா ஓடும்."

"நல்ல குடும்பம்தான்!" என்றார் ஏட்டு.

யாரும் சிரிக்கவில்லை.

"நாங்க வைக்கிற லைனர் இறக்கத்துச் சூட்டுக்கெல்லாம் அசையாது சார். அதுக்கும் மேல ரொம்பக் காய்ச்சினாத்தான் விடும். இப்ப இறக்கத்துச் சூடு மட்டும் காட்டறேன். அசையலைன்னா தப்பு எங்களுது இல்லை. அண்ணனை விட்டுடணும்."

"அசைஞ்சா?"

"அசையாது."

"பாப்பா, வேண்டாம்." அண்ணன் அவள் கையைப் பிடித்தான். "நான்தான் ஒத்துக்கிட்டேன்ல? கொஞ்ச காலம்தானே? போயிட்டு வந்துடறேன். நீ பட்டறையைப் பாத்துக்க."

"நீ சும்மா இரு அண்ணா. நான் பாத்துக்கறேன்."

ஓவன் கதவு திறந்தது. டிரம் உள்ளே போனது. காத்திருந்தார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். டாக்டர் மனைவி ஸ்டூலில் அமர்ந்து கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஏட்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

தங்கை தோல் கையுறையை மாட்டிக்கொண்டு டிரம்மை வெளியே எடுத்தாள். மேஜைக்கு மேல் கவிழ்த்தாள்.

டங்!

லைனர் கழன்று மேஜையில் விழுந்து உருண்டது!

மயிரிழை மேடத்தின் வேலை, பழுத்த பழம் மாதிரி உதிர்ந்துவிட்டதே!

"ஸோ..." இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "உங்க வாயாலயே சொன்னீங்க. கிளம்பலாமா தம்பி?"

"கிளம்பலாம் சார்," என்றான் அண்ணன். சொல்லப்போனால் அவசரமாகவே சொன்னான்.

"இருங்க!"

தங்கை இடுக்கியால் லைனரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். வெளிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலமாரிக்கு ஓடினாள். புது டிரம் ஒன்றையும், இன்னும் மாட்டாத லைனர் ஒன்றையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மூச்சிரைத்தது.

"சார், இந்தப் புது லைனரைப் பாருங்க. சுத்திலும் ஒரே சீராக் கோடு ஓடுதா? லேத்துல கடைஞ்சா அப்படித்தான் வரும். இப்ப கழண்டு விழுந்ததைப் பாருங்க. குறுக்கும் நெடுக்குமா கீறல்!"

"அதனால?"

"உப்புத்தாளால தேய்ச்சிருக்காங்க சார்! கையால! நான் கடைஞ்ச லைனரைக் கழட்டி, வெளிப்பக்கம் தேய்ச்சு, இளைக்க வெச்சு, திரும்ப மாட்டியிருக்காங்க! இது கை தவறினது இல்லை சார்... கொலை!"

கொலை!

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பக் கீழே வைத்தார். அண்ணன் கண்களை மூடிக்கொண்டான். நிம்மதியில் மூடுகிறான் என்று நினைத்தாள் தங்கை.

"அந்த மெக்கானிக்கைத் தூக்கிட்டு வரச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் போடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதோ சார்." செல்போனைத் தேடிக்கொண்டே ஏட்டு கிட்ட வந்தார். "இதுக்குள்ளேர்ந்தா கழண்டு விழுந்துச்சு?" என்று விரல் நுனியால் விபத்து டிரம்மைத் தொட்டார்.

"ஆ... அம்மா! சுடுது!"

"ஓவன்ல இருந்து வந்தது சுடாம ஐஸ்கிரீமா கொடுக்கும்?" இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார்.

"பாத்தா தெரியலையே சார்! இரும்புன்னா சிவக்கும். இது சும்மா வெள்ளையா உக்காந்திருக்கு!"

டாக்டர் மனைவி எழுந்தாள். முகம் வியர்த்திருந்தது.

"எனக்குத் தலை சுத்துது சார். நான் வீட்டுக்குப் போறேன். மெக்கானிக் கிடைச்சா சொல்லி அனுப்புங்க."

அவளுடைய கைப்பை மேஜையில் இருந்தது. அதன் வார் மேல் தங்கை கொண்டுவந்து வைத்த புது டிரம். அதை நகர்த்தினால்தான் பையை எடுக்க முடியும். அவள் குனிந்தாள். இடது கையைத் திருப்பி, புறங்கையை டிரம்முக்குக் கிட்டத்தில் ஒரு நொடி காட்டினாள். சுண்டுவிரல் கணுவால் லேசாக ஒரு தட்டு. பிறகுதான் பிடித்து நகர்த்தினாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

தங்கை பார்த்துவிட்டாள்!

"நில்லுங்கம்மா!"

பட்டறையே அதிர்ந்தது.

"சார், அவங்களை விடாதீங்க! இப்ப அவங்க டிரம்மை எப்படித் தொட்டாங்கன்னு பாத்தீங்களா?"

"கையாலதான்."

"ஏட்டு எப்படித் தொட்டாரு? விரல் நுனியால. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் தொடுவாங்க. அலுமினியத்தோட மல்லுக்கட்டறவங்க மட்டும்தான் இடது புறங்கையைக் காட்டுவாங்க. சுட்டாலும் உள்ளங்கை தப்பிக்கும், மறுநாள் வேலைக்கு ஆகும். அப்புறம் சுண்டுவிரல் கணுவால ஒரு தட்டு... அது எந்தப் பட்டறையிலயும் கிடையாது. இங்க மட்டும்தான்!"

டாக்டர் மனைவி வாசற்படியில் உறைந்து நின்றாள்.

"டிரம் இவங்க வீட்டுல கிடந்துச்சு. இவங்க வீட்டுல பெரிய ஓவன் இருக்கு, டாக்டரே பெருமையா சொல்லியிருக்காரு. இவங்கதான் சார் தேய்ச்சது! இல்லைன்னா இந்தத் தட்டு இவங்களுக்கு எப்படி வரும்? இந்தப் பழக்கம் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் உண்டு. எனக்கும் எங்க..."

பேச்சு பாதியில் நின்றது.

"சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் மிக மெதுவாக. "உனக்கும்?"

இந்த டிரம்மை டாக்டர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன் என்று அன்றைக்குக் காலையில் கிளம்பிய அண்ணன், இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தது இப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. அந்த ஒரு தடவை மட்டுமா?

"எனக்கு... நான் சரியாப் பாக்கலை சார். கண்ணு ஏதோ..."

"உனக்குத்தான் மயிரிழை கூடத் தப்பாதாமே?"

"போதும் பாப்பா." அண்ணன் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

"பேசாத அண்ணா! தயவுசெஞ்சு பேசாத!"

"காலையிலேர்ந்து உன்கிட்ட நான் கெஞ்சினது அதுதானே?"

"நீ ஒண்ணும் சொல்லாத!" என்று அலறினாள் டாக்டர் மனைவி. இத்தனை நேரம் 'இவங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவனை 'நீ' என்றது எல்லார் காதிலும் விழுந்தது.

அண்ணன் அவளைப் பார்த்துக் கசப்பாகச் சிரித்தான்.

"எனக்கும் இவளுக்கும் ரெண்டு வருஷமா பழக்கம் சார். டாக்டர் விவாகரத்து கொடுக்கறதா இல்லை. ஓவனை முழுசாத் திருப்பி வெச்சு, லைனர்ல ஐஸ் கட்டியைக் கொட்டினா கழண்டுடும்னு சொல்லிக் கொடுத்தது நான். எவ்வளவு தேய்க்கணும்னு அளவு சொன்னதும் நான். புறங்கையைக் காட்டுன்னு சொன்னது அவ கை சுட்டுடக் கூடாதேன்னு."

"அஜாக்கிரதைன்னு கேஸ் போட்டிருந்தா சீக்கிரம் வெளியில வந்திருப்ப," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். பாப்பாதான் விடலையே."

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும் பட்டாள்! கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"ஏன் அண்ணா?" என்றாள் கடைசியில். "ஏன் கையால தேய்க்க விட்ட? லேத்துல கடைஞ்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே!"

"எப்படிக் கடையறது? நீ லேத்தை விட்டு எழுந்தாத்தானே!"

இரண்டு ஜோடி விலங்குகள் மாட்டப்பட்டன. இருவரும் ஜீப்பின் பின்பக்கம் ஏற்றப்பட்டார்கள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கிளப்பு ஏட்டு. நேரமாச்சு."

ஏட்டு சாவியைத் திருப்பவில்லை. கீழே இறங்கி, முன்சக்கரத்துக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே அங்க?"

"இருங்க சார்... காலையிலேர்ந்து நம்ம வண்டி இந்தப் பட்டறை வாசல்லதான் நின்னுச்சு. நான் புள்ளகுட்டிக்காரன்!"