நாமளவு

கப்பலைக் கண்டுபிடித்தது யாழினிதான். சுவரில் இருந்த திட்டி என்ற பேசும் கருவியிடம் அவளே கேட்டு வாங்கி, வழியை மேசை மேல் ஒளிப்படமாக விரித்து வைத்தாள். சென்னை, திருகோணமலை, பினாங்கு, மறுபடி சென்னை.

"கடல்லேர்ந்து உப்பைப் பிரிச்சுப் பிரிச்சே பாதி ஆயுசு போச்சு," என்றாள். "ஒரு நாள்கூட அது மேல போனதில்ல."

நெம்மேலியில் கடல்நீர் ஆலையில் அவளுக்கு வேலை. கணவனைப் பிரிந்த பிறகு தம்பி சர்வேஷின் வீட்டில் இருந்தாள்.

சர்வேஷ் படத்தைப் பார்த்தான். வெள்ளைக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல் குளம்.

"நாம போகலாம்க்கா," என்றான்.

யோசிக்காமல் சொன்னான். மறுநாளே யாழினி கடல் குமட்டலுக்கு மாத்திரை வாங்கி வந்தாள். நாலு அட்டை. ஆளுக்கு ஒன்று.

திட்டி எல்லா வீட்டுச் சுவரிலும் இருந்தது. திட்டம் போடுவதால் அந்தப் பெயர். வீட்டில் திட்டாத ஒரே ஆள் அதுதான் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. அதற்குள் இருந்த நாமளவி முதலில் கப்பல்களுக்காகச் செய்யப்பட்டது. தரையில் சண்டை வந்தால் எழுந்து போய்விடலாம். கடலில் இறங்கிப் போக இடமில்லை. நடுக்கடலில் வேறு அறை கேட்டு அழுதவர்களைப் பார்த்துக் கப்பல்காரர்கள் சலித்துப் போனார்கள். யாரோடு யார் தங்குவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டால் பயணிகள் பொய் சொன்னார்கள். பொய் என்று அவர்களுக்கே தெரியாத பொய்.

கேட்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று மொழியியல் படித்த ஒரு பெண் சொன்னாள். தமிழில் எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. தள்ளி நிறுத்தினால் 'நாங்கள்'. இரண்டில் ஒன்றை நாக்கு எடுக்கும்போது மனம் காவலுக்கு இருப்பதில்லை. ஒரு வருடப் பேச்சைக் கேட்டால் யாருக்கு யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல் இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாம ஒரு நாள் சாவகாசமா உட்கார்ந்து பேசணும்" என்று சொல்கிற நாமும் இருந்தது. நாமளவி அதைக் குரலிலேயே பிரித்தது. அதற்கு உபசாரம் என்று பெயர் வைத்தார்கள். அது கணக்கில் சேராது.

கப்பலில் ஆரம்பித்தது, இப்போது வாடகை வீடு, ஆஸ்பத்திரியில் கூடத் தங்குபவர், கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் என்பதுவரை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நாம் இருந்தால் சேர்க்கை. இல்லையென்றால் இல்லை.

படுக்கையறையில் திட்டி கேட்கக் கூடாது என்று சட்டம். அதனால் சர்வேஷும் மனைவி மோனிஷாவும் அங்கே பேசினார்கள்.

"பால்கனி அறையில மூணு பேருக்குத்தான் இடம்," என்றாள் மோனிஷா. "அண்ணி வந்தா இன்னொரு அறை. ராத்திரி சாப்பாட்டு மேசையும் மாறும். நான் ஒண்ணும் சொல்லல. உன் அக்கா."

"நானும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. திட்டி சொல்லட்டும்."

"என்ன சொல்லும்?"

"அவகிட்ட நான் எப்பவும் நாங்க, நாங்கன்னுதானே பேசறேன்."

மோனிஷா அவனைப் பார்த்தாள்.

"தனி அறைன்னு வந்தா அவளே வேண்டாம்னுடுவா," என்றான். "நாம சொன்ன மாதிரி இருக்காது."

சொன்னபோது நிம்மதியாக இருந்தது. விளக்கை அணைத்ததும் அந்த நிம்மதியைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். யாழினி தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு வந்தாள். சர்வேஷின் மகள் இதழி அவள் மடியில் காலைப் போட்டுக்கொண்டாள். பதினைந்து வயது. காலை நகர்த்தச் சொன்னால் நகர்த்த மாட்டாள்.

"அத்தை, கப்பல்ல நீச்சல் உடையில வரணும். புடவை கட்டிட்டு குளத்துல இறங்கினா தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

"போடட்டும். மிதப்பேன்."

சர்வேஷ் சிரித்தான். பிறகு திட்டியிடம் அறைகளைக் கேட்டான்.

"அறை ஒன்று," என்றது திட்டி. "மோனிஷா, இதழி. அறை இரண்டு, யாழினி. அறை மூன்று, சர்வேஷ்."



"அப்பாவுக்குத் தனி ரூமா?" இதழி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினாள்.

"தப்பா இருக்கு," என்றாள் மோனிஷா. "காரணம் சொல்லு."

கேட்டிருக்க வேண்டாம். காரணம் கேட்டால் திட்டி பதிந்து வைத்த குரலைப் போட்டுக் காட்டும்.

"நாங்க சாப்பிட்டாச்சு சர்வேஷ், உனக்கு மூடி வச்சிருக்கு." மோனிஷாவின் குரல். அதே வாக்கியம் இன்னொரு நாள். இன்னொரு நாள். "அப்பா, நாங்க படத்துக்குப் போறோம், நீ கதவைப் போட்டுக்கோ." இதழியின் குரல். "நாங்க யோசிச்சு முடிவு பண்ணிட்டோம்ப்பா, உனக்கு அப்புறம் சொல்றோம்." எந்தக் குரலிலும் கோபம் இல்லை. எல்லாம் சாதாரணமாகச் சொன்னவை.



அடுத்து சர்வேஷின் குரல். "அக்கா, நாங்க வெளிய போயிட்டு வர்றோம். பாலை ஃப்ரிட்ஜ்ல வச்சிடு." "நாங்க ஊருக்குப் போறோம்க்கா, செடிக்குத் தண்ணி ஊத்திடு." "நாங்க வர லேட்டாகும்." தன் குரல் இவ்வளவு உற்சாகமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. "நாம போகலாம்க்கா."

"உபசாரம்," என்றது திட்டி.

யாழினி துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போதும், நிறுத்து," என்றான் சர்வேஷ். ஆனால் காரணம் முடியவில்லை. அவள் குரலும் வந்தது.

"வந்துட்டியாடா? கை கழுவிட்டு வா, நாம சாப்பிடலாம்." "டேய், நாம இந்த ஃபேனை மாத்தணும். சத்தம் தாங்கல." "மழை வருது பாரு, நாம பஜ்ஜி போடலாமா?" அவன் என்ன பதில் சொன்னான் என்பது அதில் இல்லை. அவனுக்கும் ஞாபகம் இல்லை. ஆபீஸிலிருந்து வந்தபோதெல்லாம் எதிர்நாற்காலிக்கு முன்னால் அவளுக்கும் ஒரு தட்டு இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போதுதான் பசிக்கும் என்று நினைத்திருந்தான்.

"ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் சேர்க்கை இல்லை," என்று திட்டி முடித்தது.

யாழினிதான் முதலில் பேசினாள். "அறை தனித்தனியா இருந்தா என்ன? கப்பல் ஒண்ணுதானே." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "இது இப்படித்தான் வரும்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா."

திட்டி பொய்யை அளப்பதில்லை. மோனிஷா அளந்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மறு அளவைக்கு ஒரு மாதம் தருவார்கள். அந்த மாதம் முழுக்க வீட்டில் எல்லோரும் நாம், நாம் என்றார்கள். நாம காபி குடிக்கலாமா. நாம இன்னிக்கு என்ன சமைக்கலாம். "நாம குளிச்சிடலாமா?" என்று சர்வேஷ் ஒருநாள் சொல்ல, "நீ குளிக்க நான் எதுக்கு?" என்றாள் மோனிஷா. சிரிக்க வேண்டிய இடம். இருவரும் திட்டியைப் பார்த்தார்கள்.

அக்காவிடம் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாம் என்று வாயெடுக்கும்போதே அது உபசாரமாக அவன் காதில் விழுந்தது. உண்மையாகவே சொல்ல நினைத்தான். நினைத்ததும் கெட்டுப்போயிற்று. பிறகு அவளிடம் அந்தச் சொல் வராத வாக்கியங்களாகப் பேசினான். சாப்பாடு ஆச்சா. வெயில் அதிகம். ஃபேனை மாற்றினான். அவள் மறுபடி கேட்டிருக்கவில்லை.

மாதக் கடைசியில் திட்டி சொன்னது: "புதிய நாம் எல்லாம் உபசாரம். அறைகளில் மாற்றம் இல்லை. அளவில் ஒரு மாற்றம் உண்டு. யாழினியிடமிருந்து சர்வேஷுக்கு இருந்த நாம் நின்றுவிட்டது."

அவன் யோசித்துப் பார்த்தான். சரிதான். "நான் சாப்பிட்டுட்டேன்டா" என்றுதான் அவள் இப்போதெல்லாம் சொன்னாள். தட்டு ஒன்றுதான் இருந்தது.

தனி அறை என்று வந்தும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்து எடுத்தாள். மோனிஷாவும் இதழியும் ஓர் அறை எடுத்தார்கள். சர்வேஷ் லீவு கிடைக்கவில்லை என்றான். ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று பேரையும் துறைமுகத்துக்கு அவன்தான் கொண்டுபோய் விட்டான். வெள்ளைக் கப்பல் படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. யாழினி தலையை நிமிர்த்தி அதன் உச்சியைத் தேடினாள். கால்சட்டை போட்டிருந்தாள். இதழி வாங்கிக் கொடுத்த தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான்.

அங்கே திட்டி இல்லை. யாரும் அளக்கவில்லை. மன்னிப்பு கேட்க நல்ல இடம்.

"பார்த்துப் போ. காத்து அதிகமா இருக்கு," என்றான்.

"நான் போயிட்டு வர்றேன்டா." அவன் தோளைத் தட்டினாள். உள்ளே போனாள். இதழி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாய்தளத்தில் மூன்று பேரும் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது திரும்பிப் பார்த்தால் கையசைக்க வேண்டும் என்று கையைப் பாதி தூக்கி வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. சாப்பாட்டு மேசை துடைத்திருந்தது. அதன் மேல் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. மற்ற மூன்றும் கப்பலில் போயின. அவனுடையதை அவள் விட்டுப் போயிருந்தாள்.

சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர்நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது. புது ஃபேன் சத்தம் போடவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தான். பசித்தது. எதையும் நினைக்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"நாம என்ன சாப்பிடலாம்?"

திட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பதிவாயிற்று," என்றது. "உபசாரம் இல்லை."

யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சர்வேஷ் திரும்பிப் பார்த்தான்.