நான்காவது கல்லில் வெளுப்பு

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு, கல் கடைக்குப் பின்புறமுள்ள வீட்டின் கூடத்தில், சமையலறை வாசலிலிருந்து நான்காவது கல்லில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பு இருந்தது.

கூடத்தில் மொத்தம் முப்பத்தாறு கற்கள். எல்லாம் கருப்பு கிரானைட். கடைக்கு வருகிறவர்கள் தயங்கினால், கடையை நடத்தும் மூத்த மகன் அவர்களை நேரே வீட்டுக்குள் அழைத்து வந்துவிடுவான். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க. குனிஞ்சு பாருங்க, உங்க முகமே தெரியும்" என்பான். தெரிந்தது. நான்கு வருடமாகக் கடையின் பாதி வியாபாரம் அந்தத் தரையைக் காட்டித்தான் நடந்தது.

முந்தின நாள் ஆஸ்பத்திரி கட்டும் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். ஐந்து மாடிக்குத் தரை போடுகிற வேலை. அவர் குனிந்து பார்த்தார். முகம் தெரிந்த இடத்தை விட்டுவிட்டு, வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில், சமையலறை அலமாரியின் அடித்தட்டில் பழைய துணிகளுக்குப் பின்னால் மருமகள் ஒளித்து வைத்திருந்த பாட்டில் ஒன்று மாமியார் கையில் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. "ஐயோ, ஆசிட்!" என்று அலறி, மாமியார் அதை அப்படியே பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். மூத்த மகன் வந்தபோது காலி பாட்டிலைத்தான் நீட்ட முடிந்தது.

"இது என்ன?" என்று கணவன் அவளிடம் கேட்டான்.

அவள் பேசவில்லை.

"இதை ஊத்தித்தான் தரையைத் துடைச்சியா?"

அவள் குனிந்து பழைய துணிகளை மறுபடி அடுக்கினாள்.

"பெட்டியைக் கட்டு. காலைல வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன்."

பதினோரு வருடக் குடித்தனம் ஒரு பெட்டியிலும் ஒரு துணிப்பையிலும் அடங்கிவிட்டது. காலையில் இரண்டையும் சமையலறைச் சுவரோரம் வைத்துவிட்டு, வழக்கம்போல எல்லாருக்கும் காப்பி போட்டாள். மாமியார் தம்ளரை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோறு போட்ட தரையில ஆசிட் ஊத்துவாங்களாடி யாராவது? நாலு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து கூடத்தையே தேய்ச்சுக்கிட்டுக் கிடந்தியே... என்னமோ சுத்தக்காரின்னு நெனச்சேனே! பாவி, வீட்டுக்கு வயித்தெரிச்சலைக் கொண்டு வந்துட்டியே!"

"காப்பி ஆறிடும், குடிங்க அத்தை."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை... 'ஆமா, தப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்றியா? கல்லு மாதிரி நிக்கிற!"

அவள் உள்ளே போய்விட்டாள்.

சமையலறையின் பின்கதவருகே கொழுந்தன் நின்றிருந்தான். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தலை துவட்டி விட்டது, காய்ச்சலில் விழித்திருந்தது எல்லாம் இவனுக்குத்தான். இப்போது மீசை வைத்த ஆள். கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணி... நான் சொல்லிடட்டுமா?"

"சொல்லணும்னு இருக்கறவன் என்கிட்ட கேட்டுக்கிட்டா நிப்பான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடுப்பைத் துடைத்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கணவன் கல் குவாரியில் மூன்று நாள் தங்கி, ஒவ்வொரு பலகையாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, முப்பத்தாறு கற்களைத் தேர்ந்தெடுத்தான். சாக்கட்டியால் எண் போட்டுவிட்டு, வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது தம்பியின் பொறுப்பு. கல் பலகைகளை நிறுத்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சாய்ந்து விழுந்துவிடுமோ என்று பயந்து, பத்தொன்பது வயதுப் பையன் அவற்றைப் படுக்க வைத்து அடுக்கச் சொல்லிவிட்டான். முதல் மேடு பள்ளத்திலேயே அடியிலிருந்து மேல்வரை விரிசல் விட்டுவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது முழுசாக ஒரு கல்கூட இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் அண்ணன் அவனிடம் சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவை கல்லை உடைச்சே, இந்த வீட்டுப் படி ஏறாதே."

அவன் எங்கிருந்தோ மலிவான சாம்பல் நிறக் கல்லை வாங்கிவந்து, கருஞ்சாயம் பூசி, எண்ணெய் தடவி, அண்ணன் திரும்புவதற்குள் தரையில் பதித்துவிட்டான். அவன் சலவைக்குப் போட்ட சட்டையின் கைமடிப்பில் இருந்த சாயத்தைப் பார்த்து அவள் கேட்டாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன் அண்ணி..." சொன்ன விதம் அவளை நடுங்க வைத்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

சாயம் தண்ணீருக்கும் சோப்புக்கும் நிற்காது. அதனால் வாரம் மூன்று நாள், மற்றவர்கள் எழுவதற்கு முன்னால், மண்டியிட்டு, சாயம் கலந்த எண்ணெயைத் துணியில் தொட்டு, முப்பத்தாறு கற்களையும் தேய்த்தாள். ஜனவரி கடைசியில் பின்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. ஐந்து வாரம் கட்டு; அதைப் பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆள் நடமாட்டம் அதிகமான நான்காவது கல் அந்த ஐந்து வாரத்தில் வெளுத்துவிட்டது.

ஏழரை மணிக்கு வாசலில் மெஷின் இறங்கும் சத்தம் கேட்டது. கணவன் பாலிஷ் போடுகிறவரை வரச் சொல்லியிருந்தான். எப்போதும் தலையிலிருந்து கால்வரை கல் தூளாகவே இருப்பதால் அவருக்கு 'மாவு' என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று கடையில் கேலி செய்வார்கள்.

கொழுந்தன் ஓடிவந்தான். "அண்ணா, இன்னிக்கு வேணாம்ணா! அண்ணி கெளம்பற நேரத்துல..."

"அவ கெளம்பினா கெளம்பட்டும். தரை எனக்கு வேணும். நீ போடு மாவு."

மெஷின் உறுமியது. மாவு நான்காவது கல்லில் வட்டமாகத் தேய்த்தார். தண்ணீரோடு கருப்பாக ஒரு குழம்பு ஓடி, மாமியாரின் நாற்காலிக் காலைச் சுற்றி நின்றது. ஐந்து நிமிடத்தில் அவர் மெஷினை நிறுத்தினார். குவளைத் தண்ணீரை ஊற்றினார். குனிந்தார். இன்னொரு குவளை ஊற்றினார்.

"என்னய்யா அபிஷேகம் பண்ற?" என்றான் கணவன்.

"மேஸ்திரி... கருப்புக் கல்லைத் தேய்ச்சா மங்கும். தண்ணி பட்டா திரும்பக் கருக்கும். இது தண்ணி ஊத்தியும் சாம்பலாவே நிக்குதே."

"எல்லாம் அந்த ஆசிட்! கல்லோட நிறத்தையே தின்னுடுச்சு!" என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கணவன் உட்கார்ந்து அந்தக் குழம்பை விரலில் தொட்டான். தேய்த்தான். முகர்ந்தான்.  பிறகு எழுந்து போய், கூடத்து மூலையில் இருந்த தாயின் கட்டிலைத் தானே இழுத்து நகர்த்தினான்.

"இங்க போடு."

அங்கேயும் சாம்பல்.

"அம்மா, உன் கட்டிலுக்கு அடியிலயுமா இவ ஆசிட் ஊத்தினா?"

மாமியார் கட்டில் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். 

"இது நான் பொறுக்கின கல்லே இல்ல. சாயம் போட்ட கல்லு. நாலு வருஷமா ஊரையே கூப்பிட்டு... ஐயோ, சாயம் போட்ட கல்லையா காட்டியிருக்கேன்!"  மனைவி பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு பண்ணினது?"

அவள் சுவரைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்விக்குத்தான் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். "என்னைத்தான் அனுப்பறதுன்னு ஆயிடுச்சே... அப்புறம் எதுக்குங்க அந்தக் கேள்வி? நான்தான்னே வச்சுக்கங்க."

"போதும் அண்ணி!"

கொழுந்தன் ஈரத் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். "நான்தாண்ணா. உன் கல்லு முப்பத்தாறையும் நான்தான் உடைச்சேன். படுக்க வச்சு ஏத்தினேன்ணா... பயந்துட்டேன். அந்தப் பாட்டில்ல இருந்தது ஆசிட் இல்ல, சாய எண்ணெய். நான் கலந்து கொடுத்தது. அண்ணி நாலு வருஷமா முட்டி போட்டுத் தேய்ச்சு என்னைக் காப்பாத்தினாங்க. நேத்து அவங்களைத் திட்டறப்ப... பின்கதவு கிட்ட நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வாய் வரல. நான் மனுஷனே இல்லண்ணா!"

கணவன் கையை ஓங்கினான். அவள் குறுக்கே வந்து நின்றாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவன் பார்வை அவள் கைகளில் விழுந்தது. நகக்கண்களில் போகாத கருப்பு. அடுப்புக்கரி என்று நான்கு வருடமாக அவன் நினைத்திருந்த கருப்பு.

மாமியார் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் எழுந்து, வழுக்கும் தரையில் தட்டுத்தடுமாறி வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "அடி என் கண்ணே... விடியறதுக்கு முன்னாடி இதுக்காகவாடி எழுந்தே? நான் படுத்துக்கிட்டே 'இவளுக்கு வேற வேலையில்ல'ன்னு முணுமுணுப்பேனே... என் நாக்கு அழுகிப் போகட்டும்!"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை." அவளும் அழுதாள். மாமியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றான் கணவன், மெதுவாக.

"சின்னவன் உயிரை விட்டுடுவேன்னு சொன்னான். இந்த வீட்டுல அவனுக்கு உங்களைக் கண்டு அவ்வளவு பயம். அதை நெனச்சுத்தான் வாயைக் கட்டிக்கிட்டேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது போகட்டும்ங்க. நேத்து நான் பேசாம நின்னப்போ, பதினோரு வருஷமா இவ இப்படி ஒண்ணு செஞ்சிருக்காளான்னு ஒரு நிமிஷம் நெனச்சீங்களா? பெட்டியைக் கட்டுன்னுதானே சொன்னீங்க..."

அவன் சமையலறைச் சுவரோரம் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் அண்ணன் இறங்கி, தங்கையையும் தரையையும் அழுகிற எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீங்க... உக்காருங்க. அவ எங்கயும் வரல."

"வரேன்" என்றாள் அவள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிட்டுப் போகல அத்தை. ஆனா அனுப்பினீங்க. திரும்பி வரணும்னு எனக்கே தோணறப்ப வரேன்." வாசற்படியில் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் மேல கை வைக்காதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

கொழுந்தன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை போனான். அவள் அதை வாங்கிக்கொண்டு, அவன் தலையில் ஒருமுறை கை வைத்தாள்.

ஆஸ்பத்திரித் தரை வேலை வேறொரு கடைக்குப் போனது. அண்ணனும் தம்பியும் மாவும் சேர்ந்து முப்பத்தாறு கற்களையும் சாயம் போகும்வரை தேய்த்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. மார்ச் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, அவள் திரும்பி வந்தாள். தரை சாம்பல் நிறத்தில் இருந்தது.