தீட்டின அரிசி

விடிந்தும் விடியாததுமாகப் பாப்பம்மா அடுப்படியைக் குடைந்துகொண்டிருந்தாள். உப்புச் சட்டி, பரண் மேலிருந்த சாக்கு, விறகுக் கட்டு, ஒன்றையும் விடவில்லை. கால்கள் வீங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஆனாலும் தம்பி பெண்டாட்டி சிகப்பி எதையோ ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனி அதைக் காட்டியாக வேண்டும்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, மலாய் நாட்டுப் பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு ரங்கூன் புழுங்கலரிசி வருவது நின்றுபோனது. மரவள்ளிக்கிழங்கில்தான் எல்லோரும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி இருளப்பனுக்கு முதலில் கால் மரத்தது, பிறகு வீங்கியது. இப்போது எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது. அதே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட சிகப்பி மட்டும் திடமாக நடமாடினாள். பொல்லாத கண்ணுக்கு இது போதாதா?

சிகப்பி பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில், ஒருவர் வீட்டில் நெல் குத்தினாள். கூலியாக அரிசி கொடுத்தார்கள். அந்தப் பழுப்பு அரிசியை அப்படியே பொங்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை. நோயாளிக்கு நல்ல சோறு வேண்டாமா? மறுபடி உரலில் போட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தீட்டினாள். தண்ணீர் தெளியும்வரை கழுவினாள். வடித்த சோறு புருஷனுக்கும் நாத்தனாருக்கும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கஞ்சியும் கிழங்கும், தீட்டி விழுந்த தவிடும் அவளுக்கு.

விறகுக்குப் பின்னால் இருந்த டின் பாப்பம்மாவின் கையில் சிக்கியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்குப் போனாள். அங்கே தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் பரஞ்சோதி இருளப்பனின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவே மூடியைத் திறந்தாள்.

"என்னடி இது?"

"தவிடு அண்ணி."

"மாட்டுக்குப் போடறதயா தின்ன?"

"சோறு ரெண்டு பேருக்குத்தான் காணுது. தெரிஞ்சா அவரு தட்டுல கை வைக்க மாட்டாரு... அதான் ஒளிச்சேன்."

டிரெஸ்ஸர் கை நீட்டி டின்னை வாங்கிக்கொண்டார். அரிசியை எப்படிப் பக்குவம் செய்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். இது பெரிபெரி என்றார். போன உலக யுத்தத்துக்கு முன்பே இந்த நாட்டு டாக்டர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த விஷயம். வேலையாட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெள்ளைப் பச்சரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைச் சோறு தின்றவர்களுக்குத்தான் கால் வீங்கியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பக்கம் மாறியது. நரம்புக்கும் இருதயத்துக்கும் வேண்டிய ஒரு சத்து அரிசியின் மேல்தோலில் இருக்கிறது. நெல்லைப் புழுக்கினால் அது உள்ளே இறங்கிக்கொள்ளும். தீட்டினால் தவிட்டோடு போய்விடும், கழுவக் கழுவ மிச்சமும் போகும்.

"இருதயத்தத் தொட்டுருச்சும்மா. எங்கிட்ட மருந்து இல்ல. இந்த டின்னுலதான் இருக்கு" என்றார்.

லயமே திருடி என்று பேசியபோது அழாத சிகப்பி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அப்ப நாந்தானா... என் கையாலதானா இவருக்கு இப்புடி ஆச்சு?"

இருளப்பன் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டான். "எனக்குன்னுதானே செஞ்ச. அழுவாம அதக் கரைச்சுக் கொண்டா."

அதைக் குடித்துத்தான் அவன் பிழைத்தான். ஆனால் எழுந்து நடக்க நாளானது. அன்று காலையில் நடந்தவள் பாப்பம்மா. ஒரு பிடி தவிட்டை முந்தானையில் அள்ளிக்கொண்டு, லயத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்து, பெண்கள் கூடியிருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள்.

"சிகப்பியத் திருடின்னு நான் சொன்னேன்ல, அவ ஒளிச்சுத் தின்னது இதான். சோத்த எங்களுக்குப் போட்டுட்டு இதத் தின்னிருக்கா. உங்க வூட்டுல கால் வீங்குனவங்களுக்கும் இதான் மருந்தாம். அரிசியத் தீட்டாதீங்க. தவிடு எங்க கிடைக்கும்னு அவகிட்டப் போயி கேளுங்க. எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்கு அந்த யோக்கியத இல்ல."

திரும்பி வந்தவளால் வாசற்படி ஏற முடியவில்லை. சிகப்பி ஓடிவந்து தாங்கினாள். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாப்பம்மா விம்மினாள்.

"என்னைய ஒரு வார்த்தையாச்சும் திட்டிருடி சிகப்பி."

சிகப்பி திட்டவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, கிண்ணத்தை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"குடிங்க அண்ணி. உங்களுக்கும் சேத்துத்தான் கரைச்சேன்."