ஆ காட்டு

அடுப்பே பற்றவைக்காத ஒரு சாயங்காலத்தில் வீட்டின் பின்பக்கம் சோறு வேகும் வாசனை வந்தது. உலை கொதித்து, கஞ்சி நுரைத்து, மூடியைத் தள்ளும்போது வருமே, அந்த வாசனை. டெபோரா முகத்தைச் சுளித்தாள். முடிச்சூரில் அவர்களுடையது தெருவின் கடைசி வீடு. பின்சுவருக்கு அப்பால் மனைக்கல் நட்டுவிட்டு மறந்துபோன நிலம், தேங்கிய மழைநீர், கோரைப்புல், சீமைக்கருவேலம். அங்கே சோறு வடிக்க ஆள் கிடையாது.

வாசனையைப் பிடித்துக்கொண்டே போனவள், மோட்டார் ரூமுக்குப் பின்னால் குட்டியைக் கண்டாள். பூனைக்குட்டி அளவுதான், ஆனால் நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட வால், கண்ணோரம் கறுப்புப் பட்டை. மரநாய்க்குட்டி. முன்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. மரநாய்க்கு வாலடியில் ஒரு சுரப்பி உண்டு, அதிலிருந்துதான் இந்த அரிசி வாசனை. அவ்வளவுதான் விஷயம். பயம் என்பது காரணம் தேடச் சோம்பல்படுகிறவர்களின் வியாதி என்பது டெபோராவின் கட்சி.

தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்ப்பவள், முறை தெரியும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு எடுத்தவுடன் தீனி கொடுக்கக் கூடாது. உடம்பில் சூடு ஏறாமல் குடல் வேலை செய்யாது, உள்ளே போனது புளித்துவிடும். ஆகவே முதலில் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, அதன்மேல் குட்டியைக் கிடத்தினாள். புண்ணை சலைன் விட்டுக் கழுவினாள். ஐஸ் குச்சியை ஒடித்து, பஞ்சு வைத்து, காலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டினாள். கால் அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும். அதற்கப்புறம்தான், ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்புச்சர்க்கரைத் தண்ணீர், சொட்டுச் சொட்டாக.

இவ்வளவுக்கும் அவள் புருஷன் பென்னி செய்த உதவி, போட்டோ எடுத்தது.

"டெப்பி, இவனுக்கு ராக்கினு பேர் வச்சிட்டேன். ஸ்டேட்டஸ் போட்டேன், ஆபீஸே பாத்திருக்கு."

"அப்படியே ரேஷன் கார்டுலயும் சேத்துடு. ஃபாரஸ்ட்காரங்களுக்கு போன் பண்ணியா?"

"பண்றேன்மா. இன்னும் ரெண்டு வீடியோ எடுத்துக்கறேன்."

அடுத்தவர் செய்யும் வேலையைப் படம் பிடிக்கவென்றே பிறந்த ஆள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் சுவர்மேல் கையூன்றி எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, மரநாய வூட்டுக்குள்ள வச்சிகினு கீற? எங்க மச்சானாண்ட குடு, மூட்டு வலிக்கு சூப்பு வச்சிக் குடிப்பான்."

"உங்க மச்சானுக்கு என்ன மூட்டு வலி அக்கா? ஒயின்ஷாப் வரைக்கும் நல்லாத்தானே ஓடுறாரு."

இந்தத் தெருவில் மூளை இருக்கிற ஒரே ஆள் தான்தான் என்று டெபோராவுக்குத் தோன்றியது. அது புதிதாகத் தோன்றியதும் அல்ல.

அவளை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. மகன் அன்புவுக்கு மூன்று வயது. எடை ஏறவில்லை. டாக்டர் காட்டிய வரைபடத்தில் அவனுடைய புள்ளி, எல்லாக் கோடுகளுக்கும் கீழே கிடந்தது. தன் சொந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறு ஊட்டத் தெரியாத நர்ஸ்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், பின்வாசல் படியில் அவனை உட்காரவைத்து பருப்புச் சாதம் ஊட்டுவாள்.

"ஆ காட்டு. காட்டுடா. மாட்டியா?" பின்சுவரைப் பார்த்துக் கத்துவாள்: "இந்தா, இந்தப் புள்ளைய எடுத்துட்டுப் போ! எனக்கு வேண்டாம்!"

ஊரில் எல்லாத் தாயும் சொல்வதுதான். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திடுக்கிடும் குழந்தை மூச்சை இழுக்கும், மூச்சை இழுக்க வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் கவளத்தைத் தள்ளிவிட வேண்டும். பூச்சாண்டியும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் நுரையீரல்.

குட்டி வந்த பிறகு, பின்சுவர்மேல் இரண்டு கண்கள் தெரியத் தொடங்கின. தாய் மரநாய். இருட்டில் திரியும் பிராணிகளுக்கு விழிக்குள் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு, பல்பு வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது என்று அன்புவுக்கே விளக்கினாள். அது குட்டியிருந்த பெட்டிப்பக்கம் திரும்பவே இல்லை என்பதை மட்டும் விளக்கவில்லை. அது அவள் கையையே பார்த்தது. கிண்ணத்திலிருந்து வாய்க்கு. வாயிலிருந்து கிண்ணத்துக்கு.

பிறகு ஒருநாள் படியில் பப்பாளி இருந்தது. தோல் நீக்கி, விதை எடுத்து, கூழாக மசித்து, ஒரு வாய்க்கு உரிய உருண்டைகளாக. தாய் குட்டிக்கு இரை கொண்டுவருவது இயற்கை என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். பெட்டி ஜன்னலோரம் இருந்தது. உருண்டைகள் இருந்ததோ அன்பு உட்காரும் இடத்தில்.

அன்று அன்பு ஒரு வாய்கூட வாங்கவில்லை. "சாப்ட்டேம்மா."

"யார் குடுத்தா?"

அவன் சுவரைக் காட்டினான். வாயோரம் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. துடைக்கக் குனிந்தாள். அவன் மூச்சில் சோறு வேகும் வாசனை.

எடை மெஷினில் நிறுத்திப் பார்த்தாள். ஏறியிருந்தது. நன்றாகவே. அவள் ஒரு வருஷமாகக் கெஞ்சியும் மிரட்டியும் ஏறாத எடை. வயிறு உருண்டு, விரலால் தட்டினால் தொம்மென்றது. சந்தோஷப்படத்தான் நினைத்தாள். முடியவில்லை.

பென்னிக்கு போன் செய்தாள். "உடனே வா. இந்தக் குட்டிய இப்பவே விட்டுடணும்."

"ஏய், ராக்கிக்கு இன்னும் கால் கூடல. தாம்பரம் பிரிட்ஜ் மேல நிக்கறேன், ஒரே டிராஃபிக். பயந்துட்டியா? நீயா?" அவன் சிரித்தான்.

அவள் போனைத் துண்டித்தாள். அதே நேரம் கரண்டும் போனது. மழை விட்டிருந்தது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் பாக்கி. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, காற்றில் ஈரச்சுவரின் பாசியும் கோரையின் அழுகலும், எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்திலேயே பெரிய பானையில் கொதிப்பதுபோல அந்தச் சோற்று மணமும்.

கணக்கு எளிது. அதன் பிள்ளை இங்கே இருப்பதால் அது வருகிறது. பிள்ளையைக் கொடுத்துவிட்டால் போய்விடும். அன்புவைச் சமையலறையில் உட்காரவைத்தாள். பெட்டியை எடுத்தாள். பின்வாசல் கிரில் கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் தாழ் போட்டாள். தாழ் துருப்பிடித்தது, தள்ளினால் கிறீச்சென்று ஊருக்கே கேட்கும். அந்தச் சத்தம் இன்று ஆறுதலாக இருந்தது.

சுவரடியில் பெட்டியை வைத்துத் திறந்தாள். குட்டி தலை தூக்கிப் பார்த்தது.

"இந்தா. உன் புள்ள. எடுத்துட்டுப் போ."

தவளைகளின் கத்தல் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். நீளமாக. அவள் தலைக்கும் மேலே, உயரத்திலிருந்து. மரநாய் அவ்வளவு உயரம் இல்லை. மரத்தில் ஏறியிருக்கும். சுவரோரம் மரம் இல்லை.

"எனக்கு வேண்டாம்."

டெபோராவின் குரல். அவளுடைய சலிப்பு, அவளுடைய ஏளனம், 'வேண்டா'வில் அவள் கொடுக்கும் அதே அழுத்தம். அவள் வாய் மூடியிருந்தது.

எதிரொலி என்று நினைத்தாள். எதிரொலிக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒரு குரல் சொல்லியிருக்க வேண்டும்.

"இந்தப் புள்ளைய... எனக்கு வேண்டாம்."

பெட்டி நகர்ந்தது. அவளை நோக்கி. ஈரமண்ணில் சரசரவென்று. குட்டியோடு. அவள் காலில் வந்து முட்டி நின்றது.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். கிறீச்.

ஓடினாள். வழுக்கினாள். எழுந்தாள். கிரில் கதவு திறந்திருந்தது. தாழின்மேல் ஈரம், ஐந்து விரல் அகலத்துக்கு. சமையலறைத் தரையில் யாரும் இல்லை.

"அன்பு!"

மேடைக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"அன்பு!"

சுவர்ப்பக்கமிருந்து பதில் வந்தது. மெதுவாக. கொஞ்சலாக. அவள் ஒருநாளும் கொடுக்காத பொறுமையோடு, அவள் குரலில்:

"ஆ காட்டு."

திரும்பினாள். சுவர்மேல் அது குந்தியிருந்தது. மடங்கியும் கால்கள் தரைவரைக்கும் தொங்கின. இடுப்பில் அன்பு. அழவில்லை. ஒரு கையால் அதன் கழுத்து ரோமத்தைப் பிடித்திருந்தான். அது தன் வாயிலிருந்து எதையோ எடுத்து, நீண்ட விரல்களால் உருட்டி, அவன் உதட்டருகே கொண்டுபோனது.

அன்பு வாயைத் திறந்தான். அகலமாக. அவளுக்காக ஒருமுறைகூடத் திறக்காத அளவுக்கு அகலமாக.