பன்னாடைக் கட்டு

மரத்தில் காதை வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த பிறகுதான் கேட்டது.

அண்ணாகிராமத்துத் தோப்பில் மத்தியான வெயில் மட்டைகளுக்கு இடையே சிதறி விழ, அழுகிய பலாச்சுளை வாடையோடு புளித்த கள் வாடையும் கலந்து வர, ஜெயராணி ஒவ்வொரு தென்னையாகக் கட்டிப்பிடித்துக் காது கொடுத்துப் பார்த்தாள். கறுக் கறுக்கென்று எதையோ மெல்லும் அந்தச் சத்தம் எந்த மரத்திலும் இல்லை. வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

அவள் புருஷன் இளவரசு அடிக்கடி சொல்வான்: "காண்டாமிருக வண்டு கறுப்பு. குருத்தைக் கடிச்சிட்டுப் போயிடும், மட்டையப் பாத்தாலே தெரிஞ்சிடும். கூன்வண்டு செவப்பு, நீள மூக்கு. கறுப்பு கடிச்ச காயத்துல இது முட்டை வைக்கும். புழு உள்ளுக்குள்ளயே தின்னும்; காது வச்சாத்தான் கேக்கும், புளிச்ச கள்ளு வாடை அடிக்கும். கடைசி வரைக்கும் மரம் பச்சையாத்தான் நிக்கும்."

மூன்று வாரத்துக்கு முன் காண்டாமிருக வண்டைக் குத்தியெடுக்க மரமேறியவன், வண்டு குத்தும் கம்பியாலேயே கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு இறங்கினான். ரத்தம் கொட்டியது. குருத்தடியிலிருந்து அவன் பிய்த்துப் போட்ட, சாக்குத்துணி மாதிரியான பன்னாடை கீழே கிடந்தது. அவள்தான் பதறிப்போய் அதையெடுத்து இறுக்கிக் கட்டினாள். ஐயோ, புடவைத் தலைப்பைக் கிழித்திருக்கக் கூடாதா! பிறகு தையல் போட்டு, காயம் ஆறியும் போனது.

வீட்டுக்குள் போனாள். கட்டிலில் இளவரசு சாய்ந்திருந்தான். கள் வாடை இங்கேதான் வந்தது. அவன் குடிப்பவனே இல்லை.

"என்னா ராணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மரமெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாமா."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். மார்பில் காதை வைத்தாள்.

கறுக்.

ஒன்றில்லை. நிறைய. விலாவுக்குள். தோளுக்குள்.

"ஏய், பட்டப்பகல்ல என்னாடி இது?" சிரித்துக்கொண்டே தலையைக் கோதிவிட்டான். கை இதமாக இருந்தது. முகத்தில் நல்ல களை. இதை எந்த வாயால் அவனிடம் சொல்வாள்?

கஞ்சியை எடுத்து ஊட்டினாள். அடுத்த வாரம் பண்ருட்டிக்குப் பலா லோடு ஏற்றுவதைப் பற்றி அவன் பேசிக்கொண்டே போனான். லுங்கி விலகியிருந்தது. கெண்டைக்காலில் ஆறிய தழும்பு மெல்லப் பிளந்தது. சிவப்பாக, நீளமாக, ஒரு மூக்கு. வெளியே வந்தது. காற்றை மோந்தது. உள்ளே போனது.

அவன் கவனிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து ராணி. என்னமோ தெரியல, ரெண்டு நாளா ஜாஸ்தி பசிக்குது."