அளவெடுத்துத் தைத்த மாதிரி

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோட்டின் அக்குள் பக்கம் சூடாக இருந்தது.

பழைய கம்பளித் துணி எது வீட்டுக்கு வந்தாலும் லின்னியா முதலில் அதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுவாள். அந்துப்பூச்சி முட்டை வைத்திருந்தால் குளிரில் செத்துப்போகும். பழந்துணி வாங்கி உடுத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று அறைத்தோழி டெஸ்ஸா இரண்டு வாரமாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது பையைப் பிரித்தால் கோட்டு பலகையாக விறைத்திருந்தது, பித்தான்கள் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஆனால் கைப்பகுதிக்குள் விரலை விட்டுத் துழாவியபோது அக்குளில் வெதுவெதுப்பு. லேசான ஈரம். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

ஃப்ரிட்ஜ் மோட்டார் பழசு, எங்கோ சூடு கசிகிறது என்று நினைத்துக்கொண்டாள். மனிதர்களுக்கு மோட்டார் மேல் பழி போடுவது எப்போதும் சுலபம்.

அமெரிக்காவில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் துலூத் நகரக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள் லின்னியா. வடக்கே சுரங்க ஊர் ஒன்றில், நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில் அம்மா வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள். அங்கே அதே சட்டையை இன்னும் பத்துப் பெண்களாவது போட்டிருப்பார்கள். பள்ளி முடிகிறவரை யாரும் அவளை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. கல்லூரிக்கு வந்து பழந்துணிக் கடைகளுக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு முகம் கிடைத்தது. யாரோ தாத்தாவின் அரைக்கோட்டு, அதன் கீழே மெல்லிய சரிகைப் பாவாடை, 'வெர்ன்' என்று நெஞ்சில் பெயர் தைத்த, பந்துருட்டி விளையாடுகிறவர்கள் போடும் பௌலிங் சட்டை. முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். துணியெல்லாம் போய்விட்டால் அடியில் ஒன்றுமே இருக்காதோ என்ற பயமும் அவளுக்கு உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதை வாங்கினாலும் இது யாருடையது என்று கேட்பாள். கதையோடு வரும் துணிக்குத் தனி மதிப்பு. மலைமேட்டில், செத்துப்போன ஒரு பெண்மணியின் வீட்டைக் காலி செய்கிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோதும் அப்படித்தான் கேட்டாள். விற்றுக்கொண்டிருந்தது மகள் மார்லிஸ், அறுபது வயதிருக்கும். கீழே எல்லா அறையிலும் வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துச் சிரித்துப் பேசியவர், படுக்கையறை வாசலோடு நின்றுவிட்டார். அலமாரியில் அந்த ஒரு கோட்டுதான் தொங்கியது. பாசிப்பச்சைக் கம்பளி, உயர்ந்த கழுத்துப்பட்டி, எலும்புப் பித்தான்கள்.

"அம்மாவோடது" என்றார் மார்லிஸ்.

எப்படிப்பட்டவர், எங்கெல்லாம் போட்டுக்கொண்டு போவார் என்று லின்னியா ஆவலாகக் கேட்டாள். மார்லிஸ் வாசல் நிலையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"சுத்தமா இருப்பாங்க. எல்லாம் அதது இடத்துல இருக்கணும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போ. ஹேங்கர்ல இருந்து நீயே எடுத்துக்க. நான் தொடல."

துக்கம், பாவம் என்று லின்னியாவுக்கு மனசு இளகியது. அங்கேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினாள். தோள் கச்சிதம், கை மட்டும் விரல்நுனிவரை நீளம். எப்படி இருக்கிறது என்று கேட்கத் திரும்பினால் மார்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃப்ரீசரிலிருந்து வந்த பிறகு அந்தக் கையும் நீளமாக இல்லை. மணிக்கட்டு எலும்பில் வந்து அளவாக நின்றது. கம்பளி சுருங்க வெந்நீர் வேண்டும், குளிரில் சுருங்காது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்ணாடியில் தெரிந்த உருவம் அத்தனை அழகாக இருந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கல்லூரியே கோட்டைக் கொண்டாடியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எப்போதும் கூன் போட்டு நடக்கிறவள் நிமிர்ந்து நடந்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால் முணுமுணுக்காமல் சுருக்கமாக, வெட்டினாற்போல் பதில் சொன்னாள். உனக்கு இப்போதுதான் நம்பிக்கை வந்திருக்கிறது என்று பேராசிரியர் ஒருவர் பாராட்டினார். லின்னியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பதில் சொல்லிவிட்டு உட்காரும்போது ஒவ்வொரு முறையும், அந்தச் சொற்களை வேறு யாரோ சொல்லக் கேட்ட மாதிரி காது மட்டும் லேசாக அடைத்துக்கொண்டது.

கோட்டைக் கழற்றினால் குளிரெடுத்தது. டிசம்பரில் அந்த ஏரிக்கரையில் குளிராமல் இருக்குமா என்றால், இது அந்தக் குளிர் இல்லை. ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று கொதித்துக்கொண்டிருக்கும், டெஸ்ஸா அரைக்கை பனியனோடு திரிவாள், ஆனால் லின்னியாவின் பற்கள் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். தோல் முழுவதும் ஓர் அடுக்கு உரித்து எடுத்தாற்போல் எரியும். மறுபடி போட்டுக்கொண்டால் உடனே இதம். உள்ளே யாரோ ஏற்கெனவே உட்கார்ந்து சூடாக்கி வைத்த இதம். சாப்பிடும்போது போட்டுக்கொண்டாள். படிக்கும்போது போட்டுக்கொண்டாள். பிறகு தூங்கும்போதும்.

அதற்கு ஒரு வாசனை இருந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த துணியின் வாசனை, அதற்கடியில் மெந்தால் மிட்டாய். லின்னியாவுக்கு மெந்தால் ஆகாது, சின்ன வயதில் இருமல் மருந்தோடு சேர்த்து வெறுத்த ருசி. ஒருநாள் கடையில் நின்றபோது வாயில் ஏதோ உருள்வதை உணர்ந்தாள். மிட்டாய். கையிலிருந்த மிட்டாய்ப் பை பாதி காலியாகியிருந்தது.

டெஸ்ஸாவைக் கிள்ளியது அந்த வாரம்தான். பாலை எடுத்த டெஸ்ஸா அதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காமல் மேஜைமேல் விட்டுவிட்டாள், தினமும் செய்கிற காரியம்தான். லின்னியாவின் வலது கை எழுந்து போனது. டெஸ்ஸாவின் மேல்கையில், உள்பக்கம், சதை மெல்லிசாக இருக்கிற இடத்தைச் சரியாகத் தேடிப் பிடித்து முறுக்கியது. டெஸ்ஸா முதலில் சிரித்தாள்.

"ஏய், விடுடி." அப்புறம் சிரிக்கவில்லை. "வலிக்குது. லின்னியா, விடு."

விட நினைத்தாள். அது பொய்யில்லை, உயிரைக் கொடுத்து நினைத்தாள். விரல்கள் அவளுடையவைதான், நகத்தில் அவள் பூசிய சிவப்புச் சாயம்தான். அவை விடவில்லை. கொஞ்சம் பொறுத்து, தாங்களாகவே போதும் என்று தீர்மானித்துப் பிரிந்தன.

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றாள் டெஸ்ஸா. ஆனால் அன்று முதல் டெஸ்ஸா பாத்திரத்தை உடனே கழுவினாள், செருப்பை வாசலில் வரிசையாக வைத்தாள், அறைக்குள் வருமுன் எட்டிப் பார்த்தாள். நாள் முழுக்கச் சளசளவென்று பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பயந்த பிள்ளைகளின் சத்தமில்லாத நடை அவளுக்கு வந்துவிட்டது. லின்னியாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயின் ஓரம் மட்டும் திருப்தியாக, லேசாக மேலே வளைந்தது. அதையும் அவளால் இறக்க முடியவில்லை.

கடைசியில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு டெஸ்ஸா சொன்னாள். "உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல பயமா இருக்குடி. அந்தக் கோட்டைக் கழட்டிடு. தூக்கிப் போட்டுடு. நீ என்னத்தப் போட்டாலும் எனக்குப் பிடிக்கும், இது மட்டும் வேணாம்."

உள்ளே லின்னியா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மேல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றப் போனபோது வலது கை மேலே சென்று முதல் பித்தானைப் போட்டது. இடது கையால் கழற்றினாள். வலது கை போட்டது. நிதானமாக. கோபமில்லாமல். அடம்பிடிக்கிற குழந்தைக்கு உடுத்திவிடுகிற பொறுமையோடு.

காப்பாற்று என்று கத்த வாயைத் திறந்தாள்.

"பாத்திரத்தத் துடைச்சு வச்சியா?" என்று கேட்டது வாய்.

வெளியே டெஸ்ஸா சமையலறைக்குப் போகும் காலடி.

மார்லிஸிடம் போக வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அவருக்குத் தெரியும். அவர் அதைத் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. எப்படிக் கழற்றுவது என்று அவரிடம் கேட்டால் சொல்லுவார், கத்தரிக்கோலால் வெட்டியாவது எடுத்துவிடுவார். அது அவளாக எடுத்த முடிவு என்றுதான் நினைத்தாள். வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டது, மேட்டுத் தெருவெல்லாம் உருகுவதற்காக உப்புத் தூவிய பனி, கீழே ஏரியிலிருந்து சரக்குக் கப்பலின் ஊதல் அடிவயிற்றில் அதிர்ந்தது. கால்கள் வேகமாக நடந்தன. பஸ் போகும் தெருவை விட்டு விலகி, இரண்டு கொல்லைகளுக்கு நடுவே போகும் ஒரு சந்துக்குள் திரும்பின. அந்தச் சந்தை அவள் முன்னே பார்த்ததே இல்லை. எங்கே படி வழுக்கும், எங்கே கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

கால்கள் நடந்தன.

வீட்டில் விளக்கு இல்லை. ஹீட்டர், மின்சாரம் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. மார்லிஸ் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு கடைசி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். கதவு பூட்டியிருக்கவில்லை. காலடி கேட்டதும் அவர் திரும்பாமலே, "வீடு வித்தாச்சு, சாமான் ஒண்ணும் பாக்கி இல்லீங்க. புதுசா வர்றவங்களே அடுத்த மாசம்தான்…" என்று ஆரம்பித்தார். அப்புறம் திரும்பினார்.

டார்ச் கீழே விழுந்து உருண்டது.

நான் லின்னியா. கோட்டு வாங்கின பெண். கழற்ற உதவுங்கள். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. கழுத்துப்பட்டி இறுகியிருந்தது. கண்ணால் கெஞ்சினாள். ஆனால் மார்லிஸ் கண்ணைப் பார்க்கவில்லை. பித்தான்களைப் பார்த்தார். அந்த உயரத்தில்தான் ஒரு சின்னப் பிள்ளையின் பார்வை இருக்கும்.

"நான் எதையும் விக்கலம்மா" என்றார் மார்லிஸ். அறுபது வயதுத் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு குரல். "எல்லாம் அதது இடத்துலயே இருக்கும்மா."

சுற்றிலும் வெற்று அறைகள். சுவரில் படம் தொங்கிய இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. கோட்டின் கழுத்து மெதுவாக ஒருபுறம் திரும்பியது, பிறகு மறுபுறம். லின்னியாவின் தலையும் அதோடு திரும்பியது. எல்லாவற்றையும் பார்த்தது.

ஓடுங்கள், என்று லின்னியா உள்ளே அலறினாள். கதவு திறந்திருக்கிறது. தெரு பக்கத்தில்தான். நீங்கள் பெரியவர், என்னைத் தள்ளிவிட்டுப் போகலாம். ஓடுங்கள்.

மார்லிஸ் ஓடவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். காலணியைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டைக் கதவு இருந்தது, துடைப்பம் வைக்கிற பொந்து. யாரும் சொல்லாமலே அதைத் திறந்து, குனிந்து, வலிக்கிற முட்டிகளோடு தவழ்ந்து உள்ளே போனார். கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். இப்போது அவர் உடம்புக்கு அந்த இடம் போதவில்லை, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் அவரே இழுத்துக்கொண்டார்.

"சாத்திக்குங்கம்மா."

லின்னியாவின் கை கதவைச் சாத்தியது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. போட்டது.

பிறகு படியில் உட்கார்ந்தாள். முதுகு நேராக. கைகள் மடியில். வாசல் கதவு இன்னும் திறந்துகிடக்க, பனி உள்ளே வந்து தரையில் மெல்லப் படிந்தது. டார்ச் மங்கியது. சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது, டெஸ்ஸாவாகத்தான் இருக்கும், அதிர்ந்து அதிர்ந்து நின்றது. ஒரு விரலை அசைக்க முயன்றாள். ஒரே ஒரு விரல். கண்ணிலிருந்து வழிந்தது மட்டும் அவளுடையது, அதைத் துடைக்கக் கை வரவில்லை. பொந்துக்குள் மார்லிஸின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் முதலில் வேகமாகக் கேட்டது. போகப் போக இடைவெளி கூடியது.

"அம்மா." கதவுக்குப் பின்னாலிருந்து, தூக்கக் கலக்கத்தில் போல. "குளிருது. இப்ப வரலாமா?"

வரலாம், என்று லின்னியா சொன்னாள். உள்ளே, பலமுறை, தொண்டை கிழிய.

வாய் திறந்தது.

"இன்னும் இல்ல."